கூலியும் மருந்தும் – 6: 82 நாள்

சென்ற இதழில் ஹவாய்த் தீவுகளின் கரும்புக் காட்டில் நின்றுகொண்டிருந்தோம். சர்க்கரையை ஆண்ட ஐந்து பெரிய கம்பெனிகள், அவை கட்டிக்கொடுத்த முகாம் வீடுகள், கம்பெனிச் சம்பளத்தில் இருந்த தோட்டத்து டாக்டர் என எல்லாவற்றையும் பார்த்தோம். 1946இல் 79 நாள் நீடித்த வேலைநிறுத்தம் அந்த ஏற்பாட்டை உடைத்தது. அதுவரை முதலாளி மனம்வைத்துக் கொடுத்ததை, அதற்குப் பிறகு தொழிலாளி மேசையில் உட்கார்ந்து பேசி வாங்கினார்.

சங்கம் இருந்த இடத்தில் மருத்துவக் காப்பீடும் வந்துவிட்டது. சங்கம் இல்லாத இடத்தில்? நாலு பேர் வேலைசெய்யும் தையல் கடையில், சின்னச் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில், துணிக்கடைக் கல்லாவில் நின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. இப்படி விடுபட்டவர்களைத்தான் 1971இல் ஸ்டீஃபன் ரீசன்ஃபெல்ட் தன் அறிக்கையில் எடுத்துவைத்தார். பிரெஸ்லாவில் பிறந்து, ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறி, கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சட்டம் கற்பித்த பேராசிரியர் அவர். பெரும்பாலான முதலாளிகள் ஏற்கெனவே செய்வதை மற்றவர்களும் செய்யட்டும் என்பதே அவருடைய யோசனையின் சாரம்.

அந்த யோசனை சட்டமான நாளிலிருந்து இந்த வாரம் தொடங்குகிறோம்.

ஜூன் 12, 1974

அன்று ஹவாயில் சட்டமானது முன்பணச் சுகாதாரச் சட்டம். நோய் வந்த பிறகு பணம் தேடாமல், வருமுன்னே மாதாமாதம் கட்டிவைப்பதால் அந்தப் பெயர். தனியார் முதலாளிகள் தங்கள் தொழிலாளிகளுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்று சொன்ன முதல் அமெரிக்க மாநிலம் ஹவாய்தான். அமெரிக்காவின் 50 மாநிலங்களில் கடைசியாக, 1959இல் சேர்ந்த மாநிலம் அது.

சட்டம் எளிமையானது. வாரம் குறைந்தது 20 மணி நேரம், தொடர்ந்து நான்கு வாரம் வேலைசெய்தவருக்கு முதலாளி காப்பீடு எடுக்கவேண்டும். பிரீமியத்தில் தொழிலாளியின் பங்கு பாதி வரை போகலாம். ஆனால் அந்தப் பாதி எவ்வளவானாலும் அவர் கூலியில் நூற்றுக்கு 1.5க்கு மேல் பிடிக்கக்கூடாது. மீதி முழுவதும் முதலாளியின் பொறுப்பு.

இந்த 1.5 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை திரும்பத் திரும்ப இதனிடம்தான் வரப்போகிறது.

எல்லோரும் இதற்குள் வந்துவிடவில்லை. அரசு ஊழியர், பருவகால விவசாயக் கூலி, கமிஷனுக்கு வேலைபார்க்கும் காப்பீட்டு முகவர், வீடு நில விற்பனை முகவர் எனப் பலருக்கு விலக்கு. மனைவி மக்களுக்கும் காப்பீடு எடுக்கவேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. எட்டுப் பேருக்கும் குறைவாக ஆள் வைத்திருக்கும் சிறு முதலாளி திணறினால் கைகொடுக்க அரசு ஒரு தனி நிதியை ஒதுக்கியது. எந்தக் கடை முதலில் தள்ளாடும் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு இந்த நிதியே சாட்சி.

இந்தச் சட்டத்தில் என்னை அதிகம் தொடும் பகுதி அதன் இறுதியில் இருக்கிறது. மத்திய அரசு நாடு முழுமைக்கும் கட்டாய மருத்துவக் காப்பீடு கொண்டுவரும் நாளில் தான் காலாவதியாகிவிடுவதாக அந்தச் சட்டமே எழுதிவைத்திருந்தது. பெரிய வீடு கட்டி முடிகிறவரை தங்கிக்கொள்ளப் போட்ட கொட்டகைதான் அது.

அந்த நம்பிக்கை வெறும் கனவும் அல்ல. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அதிபர் நிக்சன், முதலாளிகள் வழியாக நாட்டுக்கே காப்பீடு என்ற திட்டத்தை நாடாளுமன்றத்தின் முன் வைத்திருந்தார். இன்னும் ஓரிரு ஆண்டு பொறுத்தால் போதும் என்றுதான் அந்த ஜூன் மாதத்தில் யாருக்கும் தோன்றியிருக்கும்.

ஒரு கார் தொழிற்சாலையின் மூடிய கதவு

ஹவாய்க்கும் இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகருக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் ஹவாய்ச் சட்டத்தின் தலையெழுத்து எழுதப்பட்டது அங்கேதான்.

1963 டிசம்பர். ஸ்டூடபேக்கர் கார் நிறுவனம் தன் சவுத் பெண்ட் தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தது. ஓய்வூதிய நிதியைத் திறந்து பார்த்தால் எல்லோருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. 60 வயதைத் தொட்டவர்களுக்கும் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் கொடுத்தது போக மிஞ்சியது கொஞ்சம். 40 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 4,000 பேருக்கு, சேரவேண்டிய ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட் அளவுதான் கிடைத்தது. அதற்கும் இளையவர்களுக்கு எதுவும் இல்லை.

20, 25 ஆண்டு வேலைசெய்துவிட்டு வெறுங்கையோடு வாசலில் நின்ற அந்த மனிதர்கள் நாட்டின் மனசாட்சியை உலுக்கினார்கள். இப்படி இன்னொரு முறை நடக்கவே கூடாது என்று தொடங்கிய முயற்சி முடிய பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. அதிலிருந்து பிறந்ததுதான் தொழிலாளர் ஓய்வூதிய வருவாய்ப் பாதுகாப்புச் சட்டம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமெரிக்கர்கள் அதை 'எரிசா' என்பார்கள்.

எரிசாவின் நோக்கம் ஓய்வூதியம். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அதன் வரையறையில் ஓய்வூதியத்தோடு தொழிலாளியின் 'நலத் திட்டங்கள்' எல்லாமும் சேர்ந்திருந்தன. மருத்துவம் அவற்றில் ஒன்று.

ஆகஸ்ட் மாதத்து மேசை

ஹவாய்ச் சட்டம் பிறந்து ஒன்பது வாரம்கூட நிறையவில்லை. அடுத்த சில வாரங்களில் வாஷிங்டனில் நடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

ஆகஸ்ட் 9. வாட்டர்கேட் ஊழலில் சிக்கிய நிக்சன் பதவி விலகினார். ஜெரால்டு ஃபோர்டு அதிபரானார்.

அதே மாதம், எரிசா மசோதாவின் இரு வடிவங்களையும் ஒன்றாக்க இரு அவைகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். மத்தியச் சட்டம் எந்த அளவுக்கு மாநிலச் சட்டங்களைத் தள்ளிவைக்கும் என்பது அவர்கள் முன்னிருந்த கேள்விகளில் ஒன்று. அதுவரையிலான வடிவங்களில் அந்தப் பிரிவு குறுகலாகவே இருந்தது. எரிசா எதை ஒழுங்குபடுத்துகிறதோ அதில் மட்டும் மாநிலங்கள் கைவைக்கக்கூடாது என்பதோடு அது நின்றது.

கடைசி நேரத்தில் அந்தப் பிரிவு விரிந்தது. தொழிலாளர் நலத் திட்டங்களோடு 'தொடர்புடைய' எல்லா மாநிலச் சட்டங்களையும் எரிசா தள்ளிவைக்கும் என்று ஆனது.

ஏன்? பல மாநிலங்களில் ஆள் வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு விதியைக் கட்டிக்கொண்டு அழத் தயாராக இல்லை. தொழிற்சங்கங்களும் அதையே விரும்பின. தங்கள் உறுப்பினர்களுக்காக அவை நடத்திய வழக்கறிஞர் உதவித் திட்டங்களில் மாநிலங்கள் தலையிடக்கூடும் என்ற பயம் அவற்றுக்கு இருந்தது. எதிரெதிரே உட்கார்ந்து பழகிய இரு தரப்பும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றன.

மாநிலக் காப்பீட்டுச் சட்டங்களுக்கு மட்டும் ஒரு விலக்கு தரப்பட்டது. காப்பீட்டு நிறுவனத்தை ஒரு மாநிலம் கட்டுப்படுத்தலாம். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தை நாடாமல், ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தன் பணத்திலிருந்தே கொடுக்கும் முதலாளியைக் காப்பீட்டு நிறுவனமாகக் கருதக்கூடாது. அப்படிக் கொடுக்கப் பெரிய கம்பெனிகளால்தான் முடியும். ஆகவே மாநில விதிகளிலிருந்து விடுபடும் வழியும் பெரிய கம்பெனிகளுக்கே திறந்தது.

கீழவையில் 407 பேர் ஆதரவு, எதிர்ப்பு இரண்டே பேர். செனட்டில் 85 பேர் ஆதரவு, எதிர்ப்பே இல்லை. ஸ்டூடபேக்கர் தொழிலாளிகளை நினைத்துக் கைதூக்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நல்ல நோக்கத்தோடுதான் செய்தார்கள்.

செப்டம்பர் 2, 1974. அமெரிக்காவில் தொழிலாளர் தினம். வெள்ளை மாளிகையில் ஃபோர்டு எரிசாவில் கையெழுத்திட்டார்.

ஹவாய்ச் சட்டத்துக்கு அன்று வயது 82 நாள்.

ஒரு எண்ணெய்க் கம்பெனி வழக்குப் போடுகிறது

உடனே எதுவும் நடக்கவில்லை. 1975 ஜனவரி 1 முதல் ஹவாயில் காப்பீட்டுக் கட்டாயம் அமலுக்கு வந்தது. கடைக்காரர்கள் பிரீமியம் கட்டினார்கள், ஆஸ்பத்திரிகள் பணம் பெற்றுக்கொண்டன. 'தொடர்புடைய' என்ற சொல் சட்டப் புத்தகத்துக்குள் சத்தமில்லாமல் கிடந்தது.

1976இல் ஹவாய்ச் சட்டமன்றம் ஒரு திருத்தம் செய்தது. குடிப்பழக்கத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் ஆளானவர்களின் சிகிச்சையையும் காப்பீடு ஏற்கவேண்டும் என்றது. குடி எத்தனை கூலிக்காரக் குடும்பங்களைத் தின்றது என்று பார்த்தவர்கள் செய்த திருத்தம். மனிதாபிமானத்தோடு செய்த அந்தத் திருத்தமே வழக்குக்கு வாசலானது.

கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்டு ஆயில், நாம் செவ்ரான் என்று அறிந்த நிறுவனம், ஹவாயிலும் ஆட்களை வைத்திருந்தது. அவர்களுக்கு ஏற்கெனவே மருத்துவத் திட்டமும் இருந்தது. ஆனால் அது கம்பெனி நாடெங்கும் நடத்திவந்த பொதுத் திட்டம். ஹவாய் கேட்ட புதிய சிகிச்சைகள் அதில் இல்லை. ஹவாய் கேட்ட அறிக்கைகளும் எரிசா கேட்பவற்றிலிருந்து வேறுபட்டன.

கம்பெனி நீதிமன்றம் போனது. எதிர்வாதியாக நின்றவர் மாநிலத் தொழிலாளர் துறை இயக்குநர் ஜோஷுவா அக்சலுட், பிலிப்பினோ வம்சாவளியினர். கரும்பு வெட்டக் கப்பலேறி வந்த பிலிப்பினோக்களின் வழிவந்த சமூகத்திலிருந்து ஒருவர், தொழிலாளியின் மருந்துக்காக உலகின் மிகப்பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்றை எதிர்த்து நின்றார். சட்டப் புத்தகங்களில் அந்த வழக்கு இன்றும் அவர் பெயரோடுதான் இருக்கிறது.

மாநிலத்தின் வாதம் நியாயமாகவே தோன்றும். எரிசா ஓய்வூதியத்துக்காக வந்தது. தொழிலாளிக்கு மருத்துவம் கொடு என்று மாநிலம் சொல்வதை அதில் எந்த வரி ஒழுங்குபடுத்துகிறது? எரிசா தொடாத இடத்தில் மாநிலத்தை ஏன் அது தடுக்கவேண்டும்?

1977இல் சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றம் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நீதிபதிகள் போன வழி நேரானது. மருத்துவத் திட்டம் எரிசாவின் வரையறைக்குள் வருகிறது. ஹவாய்ச் சட்டம் அந்தத் திட்டத்தோடு தொடர்புடையது. குறுகலான பிரிவு முன்னே இருந்தும் நாடாளுமன்றம் விரிவானதைத் தேர்ந்தது. அதற்கு மேல் நீதிமன்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

1981 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், விரிவான தீர்ப்பு எதுவும் எழுதாமல், கீழ்த்தீர்ப்பை அப்படியே ஏற்றது.

நாட்டின் முதல் முதலாளிக் காப்பீட்டுச் சட்டம், பிறந்து ஏழு ஆண்டு கழித்து வீழ்ந்தது.

சம்பந்தமில்லாத மசோதாவின் வால்

நீதிமன்றக் கதவு அடைபட்டதால் மிஞ்சியது நாடாளுமன்றம். சிக்கலை உண்டாக்கிய இடமும் அதுதான்.

ஹவாயின் பிரதிநிதிகள் கேட்டது ஒரே ஒரு விலக்கு. ஆனால் எரிசாவில் ஒரு மாநிலத்துக்கு விலக்குக் கொடுத்தால் மற்ற 49 மாநிலங்களும் வரிசையில் நிற்கும் என்ற பயம் வாஷிங்டனில் இருந்தது.

1983 ஜனவரி 14 அன்று அதிபர் ரேகன் ஒரு மசோதாவில் கையெழுத்திட்டார். விபத்து இழப்பீட்டைத் தவணை தவணையாகப் பெறுபவர்களின் வரி பற்றிய மசோதா அது. அதன் நடுவில் செவ்விந்தியப் பழங்குடி அரசுகளின் வரி நிலை பற்றிய ஒரு பகுதி. அதற்கும் பின்னால், வாலில், ஹவாய்க்கான விலக்கு. தேடிப் படிப்பவர் கண்ணுக்குத்தான் படும்.

ஹவாய்ச் சட்டத்துக்கு மீண்டும் உயிர் வந்தது. ஆனால் அதற்கு வைத்த நிபந்தனைகள் கடுமையானவை.

விலக்கு, 1974 செப்டம்பர் 2 அன்று சட்டம் எப்படி இருந்ததோ அந்த வடிவத்துக்கு மட்டும். அதற்குப் பின் செய்த திருத்தங்களுக்கு விலக்கு இல்லை, நிர்வாகம் ஒழுங்காக நடக்கத் தேவையானவை நீங்கலாக. ஆகவே குடிநோய் சிகிச்சைக்கான 1976 திருத்தம் வெளியே நின்றது. இந்த விலக்கை வேறெந்த மாநிலச் சட்டத்துக்கும் முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்றும் நாடாளுமன்றம் அழுத்தமாக எழுதிவைத்தது.

சட்டம் பிழைத்தது. ஆனால் 1974இன் உருவத்திலேயே உறைந்துபோனது.

1.5

உறைவதென்றால் என்ன என்று ஒரு கடையின் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு தொழிலாளியின் மாதக் கூலி 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் முதலாளி பிடிக்கக்கூடிய உச்ச அளவு 9 டாலர். ஆண்டுகள் போகின்றன. கூலி 3,000 டாலர் ஆகிறது. உச்ச அளவு 45 டாலர். மாத பிரீமியம் 600 டாலருக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். பாதிக்குப் பாதி என்றால் தொழிலாளி 300 கட்டவேண்டும். சட்டம் 45இல் நிறுத்திவிடுகிறது. மீதி 555 முதலாளியின் தலையில்.

கூலி ஏறிய வேகம் ஒன்று, மருத்துவச் செலவு ஏறிய வேகம் வேறு. அந்த இரண்டுக்கும் இடையில் விரிந்த இடைவெளியை ஹவாயில் முழுக்க முழுக்க முதலாளிதான் நிரப்பினார். மாற்றியமைக்க நினைத்தாலும் சட்டமன்றத்தின் கை கட்டப்பட்டிருந்தது. தொட்டால் விலக்கின் பாதுகாப்பு கிடைக்காது.

தொழிலாளியின் பக்கமிருந்து பார்த்தால் அந்த 1.5 ஒரு குடை. அமெரிக்காவின் மற்ற மாநிலங்களில் தொழிலாளியின் பங்கு ஏறிக்கொண்டே போன காலத்திலும் ஹவாய்க்காரரின் பங்கு கூலியோடு மட்டுமே நகர்ந்தது. காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் மிகக் குறைவாக உள்ள மாநிலங்களில் ஒன்றாக ஹவாய் நிலைத்தது. நான் இந்தத் தொடரில் இதுவரை சொன்ன எந்தச் சட்டமும் இத்தனை நாள், இத்தனை பேருக்கு நிழல் தந்ததில்லை.

ஆனால் குடைக்கு வெளியே நனைந்தவர்களும் உண்டு. அவர்களை உண்டாக்கியது இன்னொரு எண்.

20.

வாரம் 20 மணி நேரத்தைத் தொட்டால் காப்பீடு. 19இல் நிறுத்தினால் இல்லை. பிரீமியம் ஏற ஏற, இந்தக் கோட்டுக்குக் கீழே ஆள் வைத்துக்கொள்ளும் ஆசையும் ஏறியது. ஒரு முழுநேர ஆளின் வேலையை இரண்டு அரைநேர ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் முதலாளியின் செலவு குறையும். பொருளாதார அறிஞர்கள் புக்ம்யூலர், டினார்டோ, வலெட்டா ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கண்டது. சட்டத்தால் கூலி குறைந்ததாகவோ மொத்தத்தில் வேலைவாய்ப்பு சுருங்கியதாகவோ தெளிவான அறிகுறி இல்லை. ஆனால் 20 மணி நேரத்துக்குக் குறைவான வேலைகள் கூடின.

எல்லா முதலாளியும் கொள்ளைக்காரர் அல்ல. பத்துப் பேருக்குச் சம்பளம் போட்டுவிட்டு மாதக் கடைசியில் பிரீமியச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சுவிடும் கடைக்காரரும் இந்தக் கதையில் இருக்கிறார். அவர் பதினோராவது ஆளை 19 மணி நேரத்துக்கு எடுக்கிறார். அந்தப் பதினோராவது ஆள் இன்னொரு கடையில் இன்னொரு 19 மணி நேரம் வேலைபார்க்கிறார். வாரம் 38 மணி நேரம் உழைத்தும் இரு முதலாளிகளிடமும் அவருக்கு உரிமையாக எதுவும் இல்லை. 1974இல் கோடு போட்டவர்கள் இவரை விலக்க நினைத்திருக்கமாட்டார்கள். கோட்டை நகர்த்தத்தான் வழியில்லாமல் போனது.

இவர்களைப் போன்றவர்களுக்காக, ஆளுநர் ஜான் வைஹேயின் காலத்தில் ஹவாய் அரசு 1989இல் தன் சொந்தப் பணத்தில் ஒரு தனித் திட்டம் கொண்டுவந்தது. முதலாளியைத் தொடாததால் எரிசாவின் கை அதன்மேல் படவில்லை.

8,000 கிலோமீட்டருக்கு அப்பால்

ஹவாய்க்குக் கிடைத்த விலக்கு வேறு யாருக்கும் கிடையாது. 'முதலாளியே, காப்பீடு எடு' என்று இன்னொரு மாநிலம் கட்டளையிட்டால் செவ்ரான் வழக்கின் தீர்ப்பு அதே நாளில் அதன் கழுத்தைப் பிடிக்கும்.

அப்படியானால் கட்டளையிடாமலே முதலாளியை அந்த இடத்துக்குக் கொண்டுவர முடியுமா?

ஹவாயிலிருந்து அமெரிக்காவின் மறுகோடியில், மாசசூசெட்ஸில், ஒருவர் இதற்கு விடை கண்டுவிட்டதாக நம்பினார். ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ். 1988 ஏப்ரல் 21 அன்று, அதிபர் தேர்தலுக்கான ஓட்டத்தின் நடுவில், அவர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். காப்பீடு எடு என்று அது எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆறு பேர் முதல் ஆள் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு தொழிலாளியின் முதல் 14,000 டாலர் சம்பளத்தில் நூற்றுக்கு 12 வீதம் அரசுக்கு வரி கட்டவேண்டும் என்றது. அதாவது ஆளுக்கு ஆண்டுக்கு 1,680 டாலர். ஆனால் காப்பீட்டுக்குச் செலவழித்திருந்தால் அந்தத் தொகையை வரியில் கழித்துக்கொள்ளலாம்.

காப்பீட்டுக் கட்டளைக்குப் பதிலாக வரி. வரி போடும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. எரிசாவின் 'தொடர்புடைய' என்ற சொல்லை இது தாண்டிவிடும் என்று அவருடைய ஆட்கள் கணக்குப் போட்டார்கள்.

வரி கட்டும் நாள் 1992 என்று குறித்தாயிற்று. நடுவில் நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டில் பாஸ்டன் நகரத்துச் சிறு முதலாளிகள் என்ன செய்தார்கள்?

(தொடரும்)